மனு அண்ணாச்சி நடத்திய ஓவியப் போட்டி

உலகத்தில் உள்ள எந்தத் துன்பத்தையும் 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்ற மூன்று வரிக்குள் அடக்கிவிடலாம் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் இராஜபாளையத்தில், அதுவும் எங்கள் வார்டில் வந்து வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டமா தலையெழுத்தா என்பது இன்றுவரை தெருவில் முடிவாகவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் தேர்தல் சமயத்தில் மட்டும் சுவரில் தெரிந்தது. மற்ற நாளெல்லாம் அவர் மனு அண்ணாச்சிதான். பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு ஃபிட்டராக இருந்தவர். ஒருமுறை கடைவாய்ப் பல் வலி வந்து டாக்டரிடம் போனார். "வாயைத் திறங்க" என்று டாக்டர் சொன்னதும், வாயைத் திறக்காமல் பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். 'பொருள்: மேல்வரிசை இடதுபக்கக் கடைசிப் பல் தொடர்பாக. பார்வை: தாங்கள் சென்ற செவ்வாய்க்கிழமை எழுதித் தந்த மாத்திரை.' டாக்டர் அதைப் படித்து முடித்துவிட்டு, பல்லைப் பிடுங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாராம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பிடுங்கிய பல்லுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டார்.

அவர் மனைவி சரசு அக்கா என்னிடம் சொல்ல இதைவிட நல்ல கதை வைத்திருந்தார்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே காப்பியில சீனி கம்மின்னு வாயால சொல்லல செல்வி. துண்டுச் சீட்டுல எழுதி எங்கப்பா கையில குடுத்தாக. எங்கப்பா அத சீர்வரிசை லிஸ்டுன்னு நெனச்சு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாக."

இப்படிப்பட்டவர் சுயேச்சையாக நின்று கவுன்சிலர் ஆனார். பெரிய வேட்பாளர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதில் மும்முரமாக இருந்ததில், ஏழு ஓட்டில் இவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்த மறுநாள் மற்றவர்களாக இருந்தால் மாலை மரியாதை என்று அலைந்திருப்பார்கள். இவர் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார். தேதி மாற்றுகிற சக்கரம் வைத்தது. ஊதா மை. 'பெறப்பட்டது.'

அப்போது நான் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இப்போதும் அதே கடைதான். அண்ணாச்சி என் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே அலுவலகம் ஆக்கிக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒருநாள் பொதுவாக "என்னா வெயிலு, ஒரு மழ பெஞ்சாத் தேவல" என்று பெருமூச்சு விட்டார். அதற்கும் ஒரு சீட்டு கிழித்து, நம்பர் போட்டு, சீல் குத்திக் கையில் கொடுத்தார் அண்ணாச்சி. மூன்றாம் நாள் மழை பெய்தபோது, "மனு முடிஞ்சது, சீட்டத் திருப்பிக் குடுங்க" என்று நனைந்துகொண்டே போய் வாங்கி வந்தார்.

அந்த வருடம்தான் அவருக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிற யோசனை வந்தது.

"ஏட்டி செல்வி, எழுத்துன்னா ஒருத்தன் செத்த நேரம் உக்காந்து படிக்கணும். படம்னா பாத்தாலே போதும்லா? புள்ளைகள வச்சு வார்டுக்கு என்ன வேணும்னு வரைஞ்சு வாங்கிட்டா, அம்புட்டும் மனுதான்."

"அண்ணாச்சி, அது ஓவியப் போட்டி. புள்ளைக மயிலு, மலை, சூரியன்னுதான் வரையும்."

"தலைப்பு நாம குடுப்பம்."

தலைப்பு: 'எங்கள் தெருவில் இல்லாதது.' நோட்டீஸ் நான்தான் அடித்துக் கொடுத்தேன். கலந்துகொள்ளும் எல்லோருக்கும் ஸ்கெட்ச் பென் பாக்கெட், முதல் பரிசு ஒரு ஸ்கூல் பை.

சமுதாயக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை காலை அறுபது பிள்ளைகள் வந்து தரையில் கவிழ்ந்து படுத்து வரைந்தார்கள். வரைந்து முடித்தவர்கள் வரிசையில் வந்து கொடுக்க வேண்டும். அண்ணாச்சி மேஜையில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்குவார், சீலைக் குத்துவார், நம்பர் போடுவார், அதற்குப் பிறகுதான் படத்தையே பார்ப்பார். ஓரமாகக் குத்தியிருந்தால் பரவாயில்லை. கைப்பழக்கத்தில் நட்டநடுவில் விழுந்தது. ஒரு பிள்ளையின் சூரியன் ஊதாவாயிற்று. இன்னொரு பிள்ளையின் ஆறு, தேதியோடு ஓடியது. பத்தாவது தாள் வருவதற்குள் கூடத்தில் அழுகை ஆரம்பித்துவிட்டது.

ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டாள். "ஏன் அண்ணாச்சி, எம்புட்டு அழகா மயில் வரைஞ்சிருக்கா! அது மூஞ்சியில சீல் குத்திட்டீகளே!"

"மயிலு நம்ம தெருவுல இல்லதானே தாயி? ஞாயமான கோரிக்கை. வனத்துறைக்கு எழுதிப் பாக்கேன்."

வந்த படங்களை அவர் மூன்று அடுக்காகப் பிரித்தார். நம்ம கையில் உள்ளது, கலெக்டர் கையில் உள்ளது, டெல்லி கையில் உள்ளது. சாக்கடை மூடி முதல் அடுக்கு. நீச்சல் குளம் இரண்டாவது. ஒரு பையன் வரைந்திருந்த விமானம் மூன்றாவது அடுக்கில் தனியாக இருந்தது.

நாற்பத்தொன்றாவது தாள் எந்த அடுக்குக்கும் போகவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

ஒரு வீட்டு வாசல்படி. படிக்குக் கீழே வரிசையாக மூன்று ஜோடிச் செருப்பு. இரண்டு ஜோடிக்கு வண்ணம் தீட்டியிருந்தது. மூன்றாவது ஜோடி வெறும் புள்ளிக்கோடு. பெரிய செருப்பு.

வரைந்த பிள்ளை எதிரே நின்றாள். ஸ்டெல்லா, ஏழாம் வகுப்பு. அவள் அம்மா எஸ்தர் பேண்டேஜ் பேக்கிங் யூனிட்டில் வேலை பார்க்கிறவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

"இது யாரு செருப்பு தாயி?"

"எங்கம்மாது."

"இது?"

"என்னுது."

"புள்ளி வச்சிருக்கியே, இது?"

"அப்பாது. ரெண்டர வருசமா இல்ல."

அண்ணாச்சி சீலைப் பார்த்தார். அது ஏற்கெனவே புள்ளிக்கோட்டின் பக்கத்தில் விழுந்திருந்தது. ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்ததை நிதானமாகப் படித்தாள்.

"முப்பது நாளுக்குள்ள பதில் வந்துருமா?"

"வரும்" என்றார் அண்ணாச்சி.

அவள் போனதும் நான் மெதுவாகச் சொன்னேன். "அண்ணாச்சி, சின்னப் புள்ள ஏதோ நெனப்புல வரைஞ்சிருக்கு. இத எடுத்துத் தனியா வச்சிருங்க."

"சீல் வச்சாச்சு ஏட்டி. சீல் வச்சா மனு. மனுன்னா பதில் குடுக்கணும்."

முதல் பரிசு சாக்கடை மூடிக்குப் போயிற்று. "இது ஒண்ணுதான் உடனே முடியுற காரியம்" என்று மைக்கில் விளக்கம் சொன்னார். சொன்னபடி ஒரே வாரத்தில் மூடி போட்டாகிவிட்டது. பெற்றோர்கள் யாரும் கை தட்டவில்லை. மயில் வீட்டார் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

போட்டிக்கு மறுநாள் காலையில் எஸ்தர் என் கடைக்கு வந்தாள். கையில் அந்த ஒப்புகைச் சீட்டு. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு திருப்பூர்ல வேல பாக்காருன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். கிறிஸ்மசுக்கு வருவாரு, ஈஸ்டருக்கு வருவாருன்னு புள்ளகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க அதுக்கு நம்பர் போட்டு சீல் குத்திக் குடுத்திருக்கீக. புள்ள இந்தச் சீட்டப் பைபிளுக்குள்ள வச்சிருந்துச்சு அண்ணாச்சி. நாள எண்ணுது."

எஸ்தர் போன பிறகு அண்ணாச்சி, "தப்புப் பண்ணிட்டனோ?" என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அன்று மத்தியானமே விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அவர் பாஷையில் அதற்குப் பெயர் 'கள ஆய்வு.'

ஸ்டெல்லாவின் அப்பா ஜோசப், பேண்டேஜ் மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டியவர். அண்ணாச்சி வேன் டிரைவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்றாம் நாளே தகவல் கிடைத்துவிட்டது. ஆள் திருப்பூரில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற இடத்தில் இருக்கிறார். இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்.

என் ஸ்கூட்டியில்தான் போனோம். அண்ணாச்சி தலையில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே குடையையும் விரித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். "ஹெல்மெட்டு சட்டத்துக்கு, குடை வெயிலுக்கு" என்றார். எதிர்க்காற்றில் குடை எங்கள் இருவரையும் வண்டியோடு சேர்த்துப் பின்னால் இழுத்தது. அரை மணி நேரப் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வழியில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஊர் எல்லையில் கோயில் கோபுரம் தெரிந்ததும் அவர் குடையை மடக்கினார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பால்கோவா கிண்டும் இடத்துக்குப் பின்னால் வரிசை வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு ஆம்பளைச் செருப்பு, ஒரு பொம்பளைச் செருப்பு, உள்ளங்கை அகலத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதவுக்குள்ளிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். எங்களை என்னவென்று நினைத்தாளோ, உள்ளே போய்விட்டாள்.

ஜோசப் பால்கோவா அடுப்படியிலிருந்து வந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கையெல்லாம் பால் வாசனை. அண்ணாச்சி கும்பிட்டார். பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

"ஒங்க மக குடுத்த மனு. வார்டு கவுன்சிலர்ங்கிற முறையில விசாரிக்க வந்திருக்கேன்."

ஜோசப் ஈரக் கையை வேட்டியில் மூன்று முறை துடைத்த பிறகுதான் தாளைத் தொட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"செருப்பப் பெருசா வரைஞ்சிட்டா. எனக்கு எட்டாம் நம்பர்தான்" என்றார். பிறகு, "வர முடியாது அண்ணாச்சி."

"சரி. ஏன்னு எழுதிக் குடுங்க."

"என்னது?"

"காரணத்த எழுதிக் குடுங்க. அந்தப் புள்ளைக்குப் பதில் போகணும்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார். ஜோசப் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் அங்கே கவிழ்த்துக் கிடந்த பால் கேன் மேல் உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம். நான் பொய் சொல்லவில்லை. நடுவில் இரண்டு முறை உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. 'அன்புள்ள ஸ்டெல்லா' என்று எழுதினார். அடித்தார். மறுபடியும் அதையே எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"என்னத்த எழுத அண்ணாச்சி? ஆசப்பட்டுப் போயிட்டேன்னு எழுதவா? போன பொறவு திரும்பி வர வெக்கமா இருந்துச்சுன்னு எழுதவா? இப்பம் இங்க ஒண்ணு பொறந்திருக்கு, அத விட்டுட்டு வர முடியலன்னு எழுதவா?"

"மூணையும் எழுதலாம்" என்றார் அண்ணாச்சி.

ஜோசப் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் ஒரு பால்கோவா பாக்கெட் கொண்டுவந்தார். "புள்ளைக்குப் புடிக்கும்."

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மனு விசயத்துல நான் யார்கிட்டயும் எதையும் வாங்குறது இல்ல."

கவுன்சிலர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ வாங்குகிற காலத்தில், ஒரு அப்பா மகளுக்குக் கொடுத்த பால்கோவாவை லஞ்சம் என்று மறுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஜோசப் பாக்கெட்டைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றார். திரும்பி வரும் வழியில், வெயில் கொளுத்தியும் அண்ணாச்சி குடையை விரிக்கவில்லை. "அத வாங்கியிருக்கலாமோ?" என்று ஒருமுறை கேட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் என் கடையில் பதில் எழுத உட்கார்ந்தார். எழுதிக் கிழித்தார், எழுதிக் கிழித்தார். நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு வரி போடுங்க அண்ணாச்சி. எல்லாரும் அதத்தான் போடுதாக."

"அப்படிப் போட்டா அந்தப் புள்ள தெனமும் வாசலப் பாக்கும். எத்தன வருசம் பாக்கும்? நீ சொல்லு."

நான் அவர் கிழித்துப் போட்ட தாள்களைப் பொறுக்கினேன்.

"ஆனா எஸ்தரக் கேக்காம குடுக்க மாட்டேன். அவ வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

எஸ்தரிடம் அவர் தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப் போனார். விஷயத்தைச் சொன்னபோது எஸ்தர் அதிர்ச்சி அடையவில்லை. பேக்கிங் யூனிட் வாசலில் நின்றபடி தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ரெண்டு வருசமாத் தெரியும். திருவிழாவுக்குப் போனவ ஒருத்தி பாத்துட்டு வந்து சொன்னா. தெரிஞ்சத புள்ளகிட்டச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல." பிறகு, "சாயந்தரம் வாங்க. நானும் கூட இருக்கேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி முறைப்படி உறையில் போட்டு, பெயர் எழுதிக் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள். அதை டைப் அடித்தவள் நான்தான் என்பதால் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்.

'தங்கள் மனு எண் 41 தொடர்பாக. தங்கள் அப்பாவை நேரில் கண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நலமாக இருக்கிறார். அங்கே அவருக்கு வேறு குடும்பம் உள்ளது. திரும்பி வர இயலாது என்று தெரிவித்தார். காரணத்தை எழுதித் தர முயன்றார். இயலவில்லை.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூரா?" என்று கேட்டாள். "அம்புட்டுப் பக்கமா?"

எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. தாளில் விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினாள்.

"எழுதப் பாத்தாகளா?"

"ஆமா தாயி."

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். ஒம் பேர ரெண்டு தடவ எழுதுனாரு."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அம்மாவும் மகளும் அழுவதற்கு நடுவே அண்ணாச்சி செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். மாற்றி என் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எஸ்தர் திருப்பூர் கதையைச் சொல்வதை விட்டுவிட்டாள். கேட்டவர்களிடம், "பிரிஞ்சாச்சு" என்று ஒரே வார்த்தை. ஆரம்பத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பிறகு ஓய்ந்துவிட்டார்கள். "இப்பம்தான் மூச்சு நேரா வருது செல்வியக்கா" என்று ஒருநாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னாள். ஸ்டெல்லா இப்போது பத்தாவது படிக்கிறாள். ஜோசப்பிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அண்ணாச்சி மட்டும் தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவருடம் ஓவியப் போட்டி உண்டா என்று பிள்ளைகள் வந்து கேட்டன. மயில் வரைந்த பிள்ளையும் கேட்டாள். இல்லை என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பயமா இருக்கு ஏட்டி. சாக்கடை மூடின்னா போட்டுரலாம்."

போன வைகாசியில் தேவதானம் பக்கம் தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினார். இராஜபாளையம் வந்தும் இறங்கவில்லை. கண்டக்டர் தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார். எழுப்பினால் உட்கார்ந்திருக்கும் இருக்கை கிழிந்திருப்பதைப் பார்த்து மனு எழுத ஆரம்பித்துவிடுவார் என்ற பயம் வேறு. பஸ் திரும்பவும் தேவதானம் போய், திரும்பவும் வந்தது. அந்த முழு நடையும் அண்ணாச்சி ஜன்னலில் சாய்ந்தபடியே இருந்தார். இரண்டாவது முறை வந்தபோதுதான் கண்டக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டர் ஆறு மாதத்துக்கு முன்பே இதயத்தில் அடைப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். அவர் பையில் பதினான்கு பேருடைய மனுக்கள் இருந்தன.

காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து சரசு அக்கா கடைக்கு வந்தார். அண்ணாச்சியின் நாற்காலியில் உட்காராமல் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசத்தச் சொல்லு செல்வி. எண்ணெய்ப் பலகாரம் விசம்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. இங்க உக்காந்து வட தின்னாகளா?"

"இல்லக்கா. தண்ணி மட்டும்தான் குடிப்பாக."

"பொய் சொல்லாத. சட்டப் பையெல்லாம் எண்ணெ. தொவச்சவ நானு."

என்னால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்கும் வந்தது, கடைக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்.

"தெனமும் எத்தன?"

"ஒண்ணுதான் அக்கா" என்றேன்.

மூன்று தின்பார்.